வழியனுப்பப் போய் அகப்பட்ட கதை

1

இன்று காலை வேலைக்குப் போகும்போது, இத்தாலியில், பலெர்மோவின் ஒரேத்தோப் பக்கம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சின்ன ஸ்டேஷனில் எங்கடை சனம் ஒரு கூட்டமாக நிற்கக் கண்டேன். கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்டவர்களாக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பயணம் போகிறது ஒரே ஒரு ஆள். ஒருவர் ரயிலுக்குள் ஏறிப் பெட்டியை மேலே வைக்கிறார். இன்னொருவர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு அம்மா, புட்டுப் பாசல் எந்தப் பைக்குள் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறா. விசில் ஊதின பிறகுதான் ஏறி நின்றவர்கள் விழுந்தடித்து இறங்கினார்கள்.

எங்கள் ஸ்டேஷனில் இதற்கு ஒரு தடையும் இல்லை. உள்ளே வருகிறவரை நீ யார், பயணம் போகிறவளா, பயணம் அனுப்ப வந்தவளா என்று கேட்க வாசலில் மெஷினும் இல்லை, மனிசரும் இல்லை. படலை இல்லாத வளவு மாதிரிக் கிடக்கும்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என் கதை ஞாபகம் வந்தது. போன வருஷம் இதே மாதம் இதே வேலையைப் பார்க்கப் போய், ஜப்பானில் ஒரு ஸ்டேஷனுக்குள் அகப்பட்டு, வெளியே வர வழி தெரியாமல் கிடந்தவள் நான். அதை முழுதாக இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் இவருக்கும் தெரியாது. இவர் நாலு வரி சேர்ந்தாற்போல வாசிக்கிற ஆள் இல்லை என்ற துணிவில்தான் இங்கே எழுதுகிறேன். மகளின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஆரணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

என் வேலை கால்சாவில், கடலுக்குக் கிட்ட, ஒரு பழைய பெரிய வீட்டில். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முதலில் அந்த வீட்டு ஐயாவைப் பார்த்தேன். அவருக்கு ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தார். அவர் போன பிறகு இப்போது சிஞ்ஞோராவை, அதாவது வீட்டுக்கார அம்மாவைப் பார்க்கிறேன். சிஞ்ஞோராவுக்குக் கள்ளர் பயம். நான் உள்ளே வந்ததும் கதவை உள்பக்கமாகப் பூட்டச் சொல்லித் திறப்பை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவா. பின்னேரம் நான் வெளிக்கிடும்போதுதான் திறப்பு வெளியே வரும். நான் அவவைப் பார்க்கிறேனா, அவ என்னைக் காவல் காக்கிறாவா என்று எனக்கே சிலவேளை மயக்கம் வரும்.

அந்தப் பூட்டு போதாதென்று பெர்மெஸ்ஸோ. இங்கே இருக்கலாம் என்று அரசாங்கம் தருகிற அட்டை. அதைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், வெயிலில் நின்று, விரல் அடையாளம் வைத்து, ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வரவேண்டும். அட்டை வரும்வரை அந்தத் துண்டோடு நினைத்த நாட்டுக்குப் போய்வர ஏலாது. அட்டை கைக்கு வருகிறபோது அதற்குப் பாதி வயது போயிருக்கும். ஆசை இருக்குத் தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குக் கழுதை மேய்க்க.

ஆரணிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அவள் பலெர்மோவில் பிறந்தவள், இத்தாலிப் பாஸ்போர்ட்காரி. சின்னவளாக இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு நேரே கால்சா வீட்டுக்குத்தான் வருவாள். ஐயாவின் நித்திரையைக் குழப்பக்கூடாது என்று சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்து படிப்பாள். படிப்பு முடிந்தால் என் போனை வாங்கி வீடியோ பார்ப்பாள். என்ன வீடியோ? ஜப்பானில் ஒரு ரயில் ஓட்டியின் இருக்கையில் இருந்து எடுத்தது. ரயில் போகும், நிற்கும், சனம் ஏறும், திரும்பப் போகும். ஒரு பாட்டு இல்லை, ஒரு அடிபிடி இல்லை. உதிலே என்னடி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டதற்கு, "அங்கை எல்லாம் சொன்ன இடத்திலை நிக்குது அம்மா" என்றாள். பொம்பிளைப்பிள்ளை விளையாட்டுக்குப் பார்க்கிறாள் என்று நான் விட்டுவிட்டேன். பிறகு அந்த மொழியைப் படித்தாள். பிறகு அந்த நாட்டுக்கே போய்விட்டாள்.

எனக்கு வாழ்க்கையில் ஒரு பிடிவாதம்தான். இந்த வேலை என்னோடு முடியவேண்டும். என் பிள்ளை இன்னொருவரின் மூத்திரத் துணி தோய்க்கக்கூடாது. அதற்காகத்தான் இத்தனை படி ஏறி இறங்கினேன். ஜப்பானில் ஒரு கம்பனியில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்துவிட்டது என்று ஆரணி சொன்ன அன்று இவர் கோயிலில் பொங்கலே வைத்துவிட்டார். சர்க்கரை கூடிப்போய் ஒருவராலும் சாப்பிட முடியவில்லை, அது வேறு கதை.

3

போன வருஷம் அட்டையும் விசாவும் ஒரே காலத்தில் உயிரோடு இருந்த ஒரு இடைவெளியில், இரண்டு கிழமை லீவு வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்கப் போனேன். இவருக்கு ஹோட்டல் சமையலறையில் லீவு கொடுக்கவில்லை.

அவள் இருந்தது பெரிய நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊர். காலையில் அந்த ஊர் முழுக்க ரயிலில் ஏறி நகரத்துக்குப் போய், இருட்டினபிறகு திரும்பி வரும். போன முதல் நாளே என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினாள்.

நடுவிலே இரண்டு தண்டவாளம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளாட்பாரம். வெளியே போய்வர வாசல் தெற்குப் பக்கம் மட்டும். வடக்குப் பிளாட்பாரத்துக்கு உள்ளே இருக்கிற மேம்பாலத்தால் போகவேண்டும். ஆரணியின் வீடு வடக்குப் பக்கம். பிளாட்பார வேலியில் இருந்து கல்லெறி தூரம்தான், அவளுடைய பல்கனி கூடத் தெரியும். ஆனால் வேலியில் வழி இல்லை. வீட்டில் இருந்து வருகிறவர்கள் ரயில் கடவையைக் கடந்து சுற்றித் தெற்கு வாசலுக்கு வரவேண்டும். காலையில் அந்தக் கடவை திறக்கிறதே அபூர்வம். ஒரு ரயில் போக மற்றது வரும், மணி அடித்தபடியே இருக்கும். வடக்குப் பக்கமும் ஒரு வாசல் வைத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்டேன். அந்த ஸ்டேஷன் முதலில் ஆட்களுக்காகக் கட்டினதே இல்லை என்றாள். பக்கத்து ஆற்றில் இருந்து கல்லும் மணலும் ஏற்றிப்போய் நகரம் கட்டுவதற்குப் போட்ட பாதையாம். கல்லுக்கு எதற்கு இரண்டு வாசல்? ஆற்றில் அள்ளக்கூடாது என்று சட்டம் வந்தபிறகு ஆட்களை ஏற்றத் தொடங்கினார்களாம். மணல் வண்டி நின்ற மூன்றாம் பாதையைக் கிளப்பிவிட்டு அதிலே சைக்கிள் நிறுத்துகிறார்கள். பெட்டிகள் கூடக்கூடப் பிளாட்பாரத்தை நீட்டிக்கொண்டே போனதால் நுனி ஒடுங்கி, ஒருவர் நின்றால் மற்றவர் போக இடமில்லை.

எனக்குப் பிடித்தது கூரைத் தூண்கள். பழைய தண்டவாளங்களை வளைத்துச் செய்தவை. தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரிலும் ஒரு ஸ்டேஷன் இருந்தது. சண்டைக் காலத்தில் அதன் தண்டவாளத்தைக் கிளப்பிப் பங்கருக்குக் கூரை போட்டார்கள். ரயிலே வராத அந்த ஸ்டேஷனின் டிக்கெட் அறையில் இடம்பெயர்ந்து போய் நாங்கள் சிலகாலம் இருந்தோம். அடுப்பு எரித்த இடம் டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே. இதை ஆரணிக்குச் சொன்னேன். "அப்ப அந்த ஸ்டேஷனுக்கு எத்தினை பிளாட்பாரம் அம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் கவலை.

4

அடுத்த நாள் காலை அவள் வேலைக்கு வெளிக்கிட்டாள். நான் விடிய எழும்பிப் புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக் கொடுத்துக் கூடப் போனேன். வாசலோடு நின்றால் போதும் என்றாள்.

"வாசலோடை அனுப்ப நீ என்ன கடன் கேக்க வந்தவளே?" என்றேன்.

அவள் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை எடுத்துக் காசு போட்டுத் தந்திருந்தாள். அவள் தன் அட்டையைத் தொட்டு உள்ளே போனாள், நானும் தொட்டுக்கொண்டு பின்னாலே போனேன். வாசல் மரியாதையாகத் திறந்தது. மேம்பாலம் ஏறி வடக்குப் பிளாட்பாரத்துக்குப் போய், வரிசையில் நின்று, ரயில் வந்ததும் பாசலை அவள் கையில் திணித்து, "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்றேன். சொன்னாள். கறுப்புக் கோட்டுகளுக்குள் அவளும் ஒரு கறுப்புக் கோட்டாகக் காணாமல் போனாள். என் பிள்ளை கம்பனி வேலைக்குப் போகிறாள் என்று எனக்கு ஒரே புளுகம், அப்படி ஒரு சந்தோஷம்.

திரும்பி வந்து வாசலில் அட்டையைத் தொட்டேன். சிவப்பு லைட் எரிந்து, என் தொடைக்கு நேரே இரண்டு பலகை பட்டென்று சாத்தியது. ஒரு சத்தம். இன்னொருதரம் தொட்டேன். அதே சத்தம். பக்கத்து வாசலிலும் அப்படித்தான். பின்னால் வந்தவர்கள் ஒன்றும் பேசாமல் வரிசை மாறினார்கள். ஒருவராவது ஏசியிருந்தால் மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான், பிறகு அறிந்தேன். அந்த ஊரில் அட்டையைத் தொட்டு உள்ளே போகிறவர் ரயில் ஏறப் போகிறவர். ஏறாமல் அதே வாசலால் திரும்பி வந்தால் மெஷினுக்கு ஆளை விளங்காது. பயணம் அனுப்ப வருகிறவர்களுக்கு அங்கே வேறு டிக்கெட் உண்டாம். அது அன்று ஆரணிக்கும் ஞாபகம் வரவில்லை. அவளை உள்ளே வந்து வழியனுப்ப அங்கே யார் இருந்தார்கள்?

ஸ்டேஷன்காரரின் ஜன்னலில் திரை. பக்கத்தில் ஒரு பொத்தானும் ஒலிபெருக்கியும். பொத்தானை அமத்தினேன். எங்கேயோ தூரத்தில் இருந்து ஒரு ஆண்குரல் நிறையக் கதைத்தது. எனக்குப் பதற்றத்தில் இத்தாலியன்தான் வந்தது, மகளை அனுப்ப வந்தேன், அவள் போய்விட்டாள் என்று அதிலேயே சொன்னேன். குரல் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து கதைத்தது. நான் கிராட்சியே, நன்றி, என்று சொல்லிவிட்டு ஒதுங்கினேன். என் போனுக்கு அங்கே லைனும் இல்லை.

அந்தப் பலகை என் இடுப்புக்கும் வராது. ஏறிக் கடந்திருக்கலாம், குனிந்தும் போயிருக்கலாம். ஆனால் சோதனைச்சாவடியில் வளர்ந்த பிறவிகள் நாங்கள். ஒருபக்கமாக நில் என்று ஒரு இயந்திரம் சொன்னாலும் நின்றுவிடுவோம். விசாவில் ஏதும் குத்திவிடுவார்களோ, இத்தாலிக்கு அறிவித்துவிடுவார்களோ, பெர்மெஸ்ஸோவைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்தேன். திரும்ப வடக்குப் பிளாட்பாரத்துக்குப் போய் ஒரு வாங்கில் கனநேரம் குந்தியிருந்தேன். நேர் எதிரே ஆரணியின் பல்கனி. முதல்நாள் நான் தோய்த்துப் போட்ட என் நீலத் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. மேலே கூரை, பக்கத்தில் வேலி, அந்தப் பக்கம் பாலம். எல்லா வழியும் அந்த ஒரு வாசலுக்குத்தான் போனது. கால்சாவில் சிஞ்ஞோராவின் தலையணைக்குக் கீழே கிடக்கிற திறப்பு ஞாபகம் வந்தது. உலகத்தின் இந்த அந்தத்துக்கு வந்தும் என் தலைவிதி இதுதானா என்று அழுகை வந்துவிட்டது. அழுதேன், வெட்கம் என்ன.

அழுதால் எனக்குப் புத்தி தெளியும். ஆட்களைக் கவனித்தேன். வெளியே போகிறவர்கள் எல்லாரும் ரயிலில் இருந்து இறங்கி வருகிறவர்கள். அவர்களை வாசல் ஒன்றும் செய்யவில்லை. அப்போ இந்த மெஷினுக்கு இருக்கிறது ஒரே ஒரு கேள்வி, எங்கே போய்விட்டு வந்தாய் என்பது. சரி, போய்விட்டு வருகிறேன் என்று எழும்பினேன். அடுத்ததாக வந்து நின்ற ரயிலில் ஏறி, அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கினேன். அட்டையைத் தொட்டேன். பச்சை. வாசல் திறந்தது. அந்த மெஷினைத் தட்டிக் கொடுக்காத குறை. இவரிடம் சொல்லிப் பெருமையடிக்க ஒரு கதை கிடைத்தது என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

5

அந்த ஸ்டேஷனுக்கும் பக்கத்தில் ஒரு கடவை. அதைக் கடந்து தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். நான் போன நேரம் மணி அடித்துத் தடி இறங்கிவிட்டது. எதிர்ப் பக்கம் சக்கர நாற்காலிகளில் வயதான ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். காலை வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னால் பீச் நிற மேல்சட்டையில் பெண்கள். அதிலே ஒருத்தி குனிந்து ஒரு கிழவரின் சப்பாத்தைச் சரியாக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

என் மகள்.

கறுப்புக் கோட்டு இல்லை. தலைமயிரைத் தூக்கிக் கட்டியிருந்தாள். கிழவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். பிறகு சட்டைப்பையில் இருந்து துணியை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள். கடைவாயில் தொடங்கி நடுவுக்கு, ஒத்தி ஒத்தி, இழுக்காமல். அப்படித் துடைத்தால்தான் தோல் உரியாது. அது என் துடைப்பு. கால்சா வீட்டில் ஐயாவுக்கு நான் துடைத்ததை மேசைக்குக் கீழே இருந்து பார்த்துப் பழகினது.

ரயில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவாலே போனது. அது போய் முடிவதற்குள் நான் திரும்பி, சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏன் ஒளித்தேன் என்று கேட்டால், அவள் என்னைக் கண்டு அந்தச் சிரிப்பை நிறுத்துவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கோபம் வந்தது. இதுக்கோ இவ்வளவு பாடுபட்டேன் என்று நெஞ்சுக்குள் கத்தினேன். கூடவே, எவ்வளவு வடிவாகத் துடைக்கிறாள் என்றும் ஒரு எண்ணம் வந்தது. அந்த இரண்டாவதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தடி எழும்பி, அவர்கள் தண்டவாளத்தைக் கடந்து போனபிறகு நான் நடந்தேன்.

6

பொழுதுபட்டபிறகு கறுப்புக் கோட்டோடு வீட்டுக்கு வந்தாள். நகரத்தில் கூட்டம், மீட்டிங் நீண்டுவிட்டது, முதுகு நோகுது என்றாள். எண்ணெய் போட்டுத் தேய்த்து விட்டேன். எந்த இடத்தில் நோகும் என்று எனக்குக் கேட்காமலே தெரியும், ஆளைத் தூக்குகிறவர்களுக்கு நோகிற இடம் அது.

"கதிரையிலை கனநேரம் இருந்தால் நோகும்தான்" என்றேன்.

"ஓம் அம்மா" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று தெரிந்தும் இரண்டு கிழமை அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். ஒவ்வொரு காலையும் வாசலோடு நின்றுதான் அனுப்பினேன். ஸ்டேஷனில் அகப்பட்டதைச் சொன்னால் எப்படி வெளியே வந்தாய் என்று கேட்பாள், அதனால் அதையும் சொல்லவில்லை.

பலெர்மோவுக்கு வந்தபிறகு இன்னும் மோசம். இவர் கோயிலில் கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் மகளின் கம்பனியைப் பற்றிக் கதைப்பார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டவேண்டும். பக்கத்துப் பிரான்காச்சோவில் இருக்கிற ஒருத்தி தன் மகனுக்கும் அந்தக் கம்பனியில் பார்க்கச் சொல்லுங்கோ என்று கேட்டு வருகிறா. உண்மையைச் சொன்னால் இவர் உடைந்துபோவார். அவளிடம் கேட்டால் அவள் எனக்காகக் கட்டின வீடு இடிந்துபோகும். திரும்பி வா என்று சொல்லலாம்தான், இங்கே வந்து என்ன செய்வாள்? இன்னொரு சிஞ்ஞோராவையா பார்ப்பாள்? ஒரு வருஷமாக அந்தப் பிளாட்பார வாங்கில்தான் இருக்கிறேன் போலக் கிடக்கிறது.

7

இவ்வளவையும் எழுத வைத்தது காலையில் கண்ட கூட்டம் மட்டும் இல்லை. போன ஞாயிறு மத்தியானம் ஆரணி வீடியோவில் வந்தாள். சாப்பிட்டாயா, குளிரா என்று வழமையான கதை. பிறகு கேட்டாள்.

"அம்மா, நீங்கள் ஐயாவைக் கட்டிலிலை திருப்பேக்கை முதுகு நோகாமல் என்னெண்டு திருப்பினீங்கள்? மறந்துபோச்சு."

என் வாயில் 'ஆருக்கு?' என்ற கேள்வி வந்து நின்றது. அதை விழுங்கினேன். போனை அலுமாரித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு, விறாந்தையில் இருந்த இவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ, வந்து கட்டிலிலை படுங்கோ."

"ஏன், எனக்கு என்ன வருத்தம்?"

"வருத்தக்காரர் மாதிரிப் படுங்கோ. கையைக் காலை அசைக்காதைங்கோ."

மனிசன் முணுமுணுத்துக்கொண்டு படுத்தார். நான் கட்டிலோடு ஒட்டி நின்று, முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துக் காட்டினேன். தூரத்துக் காலை மடக்கவேண்டும், ஒரு கை தோளுக்குக் கீழே, மற்றக் கை இடுப்புக்குக் கீழே, உன் பாரத்தைப் பின்னங்காலுக்குக் கொண்டுவந்தால் ஆள் தானாக உன் பக்கம் திரும்பும், கையால் இழுக்காதே. இவரைத் திருப்பினேன். அங்கே ஆரணி தலையணைகளை அடுக்கி வைத்துக்கொண்டு அதே மாதிரிச் செய்தாள். முதல்தரம் முதுகை வளைத்தாள்.

"முழங்கால், பிள்ளை. முழங்காலை மடி."

மடித்தாள். சரியாக வந்தது. திரையில் அவள் முகத்தைப் பார்த்தேன், கண் நிறைந்திருந்தது. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நானும் கண்ணைத் துடைக்கவில்லை.

என் வயிற்றுக்கு நேரே முகத்தை வைத்துப் படுத்திருந்த இவர், "உவளுக்கு உதெல்லாம் என்னத்துக்கு? நான் எழும்பலாமோ?" என்றார்.

"இன்னொருக்காக் காட்டுங்கோ அம்மா" என்றாள் ஆரணி.

"எழும்பாதைங்கோ" என்று இவரின் தோளில் கையை வைத்தேன். "இன்னும் முடியேல்லை."